சட்டைப் பைக்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

எங்கள் வீட்டில் ஒரு டார்ச் லைட் இருந்தது. எவரெடி, மூன்று பேட்டரி. வீடு தாத்தா பெயரில் இருந்தது, நிலம் அப்பா பெயரில் இருந்தது, டார்ச் லைட் மட்டும் பெரியப்பாவுக்குச் சொந்தம். கரண்ட் போனால் அதைத் தொடும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். இருட்டில் கொல்லைப்புறம் போக வேண்டியவர்கள் அவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். "எதுக்குடா?" என்பார். அந்த நேரத்தில் கேட்கக்கூடாத ஒரே கேள்வி அதுதான். ஒருவழியாகக் கைக்கு வந்தாலும், "சும்மா சும்மா அடிக்காதே, பேட்டரி எறங்கிடும்" என்று குரல் பின்னாலேயே வரும். இறங்கிய பேட்டரிகளை மொட்டை மாடியில் வடாம் வற்றலோடு சேர்த்து வெயிலில் காயவைப்பார். சாயங்காலம் எடுத்துப் போட்டால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும். அதைச் சுவரில் அடித்துக் காட்டிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

டார்ச் லைட் பெரியப்பாவுடையது என்றால், அலாரம் கடிகாரம் சித்தப்பாவுடையது. தினசரி காலண்டர் பாட்டியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ரயில் கால அட்டவணை அப்பாவிடம் இருக்கும். கடிதம் படித்துச் சொல்லும் இலாகா என்னுடையது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கோபம். இன்று அந்தக் கூட்டுக் குடும்பம் மொத்தமும் என் சட்டைப் பைக்குள் ஒரு செல்போனாகக் குடியிருக்கிறது. யாருக்கும் கோபம் வருவதில்லை. சார்ஜ் மட்டும் கேட்கிறார்கள்.

டார்ச்சைப் பொதுவுடைமை ஆக்கிய பெருமை 2003-ல் வந்த நோக்கியா 1100-க்குச் சேரும். தலையில் ஒரு சின்ன விளக்கு, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கிராமத்தில் பேசுவதற்காக வாங்கினவர்களை விட வரப்பில் பாம்பு பார்ப்பதற்காக வாங்கினவர்கள் அதிகம் என்பது என் சொந்தக் கணிப்பு. இப்போது பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் டார்ச் படம் தெரியும். மோட்டோரோலா போனைக் கையில் பிடித்து இரண்டு முறை வெட்டுவதாகப் பாவனை செய்தாலே வெளிச்சம் வந்துவிடும்.

ஆனாலும் நம்மவர்கள் டார்ச் அடிக்கத் தனியாக ஒரு செயலியை இறக்குகிறார்கள். இறக்கியதும் அது, "உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா?" என்கிறது. அன்று டார்ச் அடிக்க நான் அனுமதி கேட்டேன், இன்று டார்ச் என்னிடம் அனுமதி கேட்கிறது. நாமும் படிக்காமல் "சரி, சரி" என்று தட்டிவிடுகிறோம். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், கோடிக்கணக்கானவர்கள் இறக்கி வைத்திருந்த ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் காட்டிய கையோடு, ஆள் எங்கே இருக்கிறார் என்ற தகவலை விளம்பர நிறுவனங்களுக்கும் அது காட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா "எதுக்குடா?" என்று மட்டும்தான் கேட்பார். யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

சித்தப்பாவின் அலாரம் கடிகாரத்துக்குப் பின்பக்கம் இரண்டு சாவி, ஒன்று மணிக்கு, ஒன்று அலாரத்துக்கு. மறுநாள் விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பித்தளைத் தாம்பாளத்தின் மேல் வைத்துவிட்டுப் படுப்பார். நாலு மணிக்கு அது அலறும்போது தெருவே எழுந்துகொள்ளும், சித்தப்பாவைத் தவிர. இப்போது போனில் அலாரம் அடிக்கிறது. ஐபோனில் "இன்னும் கொஞ்சம்" என்று தட்டினால் ஒன்பது நிமிடம் தூங்க விடுகிறது. அதற்கும் மசியாதவர்களுக்கென்றே சில செயலிகள் உண்டு. கணக்குப் போட்டு விடை சொன்னால்தான் ஒன்று வாயை மூடும். இன்னொன்று எழுந்து போய்க் குளியலறைக் குழாயைப் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லும். என் மருமகன் படுக்கப் போகும் முன்பே குழாயைப் போட்டோ எடுத்துத் தலையணைக்கடியில் இன்னொரு போனில் வைத்துக்கொண்டான். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் தமிழனின் தூக்கம் அதற்கு ஒரு படி மேலேதான்.

தாம்பாள உத்தி மட்டும் காலாவதி ஆகவில்லை. போனில் பாட்டு சன்னமாகக் கேட்கிறதா? காலியான எவர்சில்வர் சொம்புக்குள் ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி போனை இறக்குங்கள். சத்தம் கணீரென்று வரும். இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். சொம்பில் தண்ணீர் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாட்டியின் இலாகா பஞ்சாங்கம். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. ராகு காலத்துக்கு மட்டும் தாள் தேவையில்லை, வாயிலேயே இருக்கும். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று ஏழு நாளும் மனப்பாடம். காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்து மாலை ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, பகலை எட்டாக வகுத்துப் போட்ட கணக்கு அது. இப்போது என் மனைவியின் போனில் பஞ்சாங்கச் செயலி இருக்கிறது. அது ஊரைக் கேட்டு, அன்றைக்கு அங்கே சூரியன் எப்போது எழுகிறார், எப்போது விழுகிறார் என்று பார்த்து எட்டாக வகுக்கிறது. தை மாதத்தில் எங்கள் காவிரிக் கரைப் பக்கம் சூரியன் ஆறரைக்கு மேல்தான் கண் விழிக்கிறார். ஆகவே செயலியின்படி திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணி வாக்கில் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது.

ஒரு திங்கட்கிழமை பெண் பார்க்கக் கிளம்பியபோது இது பெரிய விவகாரமாகிவிட்டது. காலண்டர்படி ஏழரைக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். "இன்னும் எட்டு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றது இளைய தலைமுறை. "போனு சொல்லுதுன்னு ராகு கேப்பாரா?" என்றார் அத்தை. கடைசியில் வம்பு எதற்கென்று இரண்டையும் மதித்து ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டோம். ஒன்றரை மணி நேரமாக இருந்த ராகு காலத்தை இரண்டு மணி நேரமாக நீட்டியதுதான் தொழில்நுட்பம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த உதவி.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அந்தக் காலத்தில் மாமா வெளியூரிலிருந்து எழுதும் இன்லேண்ட் லெட்டரைப் படித்துச் சொல்லவும், பதில் எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார். சில வரிகளை அவர் சொல்லாமலே விட்டுவிடுவார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. எழுதுகிறவன் பத்து வயதுப் பையன், அவனிடம் எதைத்தான் சொல்ல முடியும்? கூகுள் விசைப்பலகையில் பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. அதிலிருந்து அத்தைக்கு என் தயவு தேவையில்லை. மைக் படத்தைத் தொட்டுவிட்டு, போனை வாய்க்கு நேராக வெற்றிலைத் தட்டைப் பிடிக்கும் தோரணையில் ஏந்திக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் பேத்திக்குச் சேதி சொல்வார்.

போன வாரம் பேத்திக்குப் போன சேதி இது: "நல்லா இருக்கியாம்மா அரைக்கீரை முளைக்கீரை உடம்பப் பாத்துக்க சிறுகீரை கட்டு பதினஞ்சு ராத்திரி கண்ணு முழிக்காதே." வாசலில் அந்த நேரம் கீரைக்காரம்மா போய்க்கொண்டிருந்தார். போனைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதையெல்லாம் எழுதுவதுதான் அதன் வேலை. பேத்தி உடனே கூப்பிட்டு, "அத்தனை கீரையும் ஒரே நாள்ல சாப்பிடணுமா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமாண்டி, ரத்தம் ஊறும்" என்று அத்தை அசராமல் சொல்லிவிட்டார். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த மைக்கைத்தான். அடுத்ததாகக் கேமராவை. மாத்திரை அட்டையில் எறும்பு அளவில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் போட்டோ எடுத்து இரண்டு விரலால் விரித்தால் பூதக்கண்ணாடிக்கு வேலையில்லை.

கேமராவுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் தெரியும். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் நம் வீடுகளில் அதற்குப் பரம்பரை வைத்தியம் ஒன்று உண்டு: உள்ளங்கையில் இரண்டு தட்டு, பேட்டரியை ஒரு உருட்டு, அப்புறம் தொடையில் ஒரு அறை. அடிபட்ட ரிமோட் சில சமயம் பயந்துபோய் வேலை செய்யும். இனி அடிக்க வேண்டாம். போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சின்ன பல்பை அதற்கு நேராகக் காட்டி ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கும். அதுதான் அகச்சிவப்புக் கதிர். மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில். மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பின்பக்கக் கேமராவில் சில போன்கள் அந்தக் கதிரை வடிகட்டிவிடும், அப்போது செல்ஃபி கேமராவில் பார்க்க வேண்டும். செல்ஃபி கேமராவுக்கு இப்படி ஒரு உருப்படியான உபயோகம் இருப்பது தெரிந்தபோது எனக்கே கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

அப்பாவின் இலாகா ரயில். எட்டு மணி வண்டிக்கு ஏழு மணிக்கே எங்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அங்கே ஒரு கரும்பலகையில், வண்டி எவ்வளவு தாமதம் என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். அதை யார் எப்போது எழுதினார்கள் என்பது தெய்வ ரகசியம். இப்போது 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி இருக்கிறது. பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது, 2018 இறுதியில் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. நாம் ரயிலுக்குள் இருந்தால் நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே வழியில் வரும் செல்போன் கோபுரங்களை வைத்து எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று சொல்லிவிடும். நடுராத்திரியில் ஜன்னலைத் திறந்து, "சார், இது எந்த ஸ்டேஷன்?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்கும் வேலை மிச்சம். அப்பாவுக்கும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று அது காட்டியது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "வழியில மேக்கப் பண்ணிடுவான், கெளம்பு" என்றார். வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தோம். ஒரே வித்தியாசம், காத்திருந்த நேரம் முழுக்க எவ்வளவு காத்திருக்கிறோம் என்று நிமிடக் கணக்காகத் தெரிந்தது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். எங்கள் தெரு அப்போது மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் ஒரு குட்டி ஃபேன், கண்ணெதிரே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். ராத்திரி நேரம் கழித்துப் பேசினால் கட்டணம் குறைவு என்பதால் ஊரின் காதல், கல்யாணம், பங்காளித் தகராறு எல்லாம் பத்து மணிக்கு மேல்தான். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் யாரும் வளவளக்க மாட்டார்கள். பிறகு செல்போன் வந்தபோது நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். 2003-ல்தான் அது ஒழிந்தது. அதுவரை மிஸ்டு கால்தான் தேசிய மொழி. ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். எடுத்துவிட்டால் மகா பாவம். இன்று அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேசலாம், கூடுதல் காசு கிடையாது. பேச்சில் பாதி, "கேக்குதா? இப்ப கேக்குதா? மூஞ்சி தெரியல, போனைக் கொஞ்சம் தூக்கு." மீதிப் பாதி வீட்டு உத்தரத்தையும் அப்பாவின் ஒரு காதையும் பார்ப்பதில் கழிகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். மாதம் பிறந்தால் தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார், அந்த நிற்றலுக்கு ஒரு விலை உண்டு. கடையில் சில்லறை பாக்கிக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள். நாம் திருப்பி மிட்டாய் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். யுபிஐ 2016-ல் வந்தது. இப்போது கோயில் வாசல் பூக்காரம்மாவின் கூடையில் கட்டம் போட்ட அட்டை ஒன்று செருகியிருக்கிறது. அந்தக் கியூஆர் கோடு, 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிப்பதற்காக மசாஹிரோ ஹாரா உருவாக்கியது. மூன்று மூலையில் இருக்கும் சதுரங்கள்தான் அதன் சூட்சுமம். அவற்றை வைத்து எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று போன் தெரிந்துகொள்கிறது. அதனால் அட்டை தலைகீழாக இருந்தாலும் பணம் நேராகப் போய்ச் சேரும். நெட் இல்லாத இடத்தில் *99# அடித்து, பட்டன் போனிலும்கூடப் பணம் அனுப்பலாம். பணம் வந்ததும் பூக்காரம்மாவின் பெட்டி, "இருபது ரூபாய்" என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறது. முன்பு யார் எத்தனை முழம் வாங்கினார்கள் என்பது பூக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டு முகப்பில் டைல்ஸ் போட வந்த கொத்தனாரிடம் என் போனில் இருந்த மட்டம் பார்க்கும் வசதியைப் பெருமையாகக் காட்டினேன். போனைத் தரையில் படுக்க வைத்தால் எத்தனை டிகிரி சாய்வு என்று எண்ணாகவே சொல்லும். அவர் குனிந்து பார்த்தார். தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின. "நல்லாத்தான் காட்டுது சார். ஆனா என்னோடது கீழ விழுந்தா ஒண்ணும் ஆகாது" என்றார்.

இன்னும் சில சில்லறை உத்திகள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் வண்டியை நிறுத்தினால், நிறுத்திய இடத்தையும் டோக்கனையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. லைசென்ஸ், ஆர்சி புத்தகத்தை ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவரில் சுமக்காமல், 2015-ல் அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் வைத்துக்கொள்வது. மளிகைக் கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு படம் எடுப்பது. இதில் கடைசி உத்தியால் எங்கள் வீட்டில் இரண்டு தடவை தயிர் வாங்கும் வழக்கம் நின்று, "படம் எடுத்துட்டுப் போயும் இதை மறந்துட்டீங்களே" என்ற புதிய வழக்கம் தொடங்கியிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையும் மாறிவிட்டது. முன்பு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, தம்பதியாக வந்து கொடுப்பார்கள். கவரில் பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இப்போது பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. திருடனும் அதே வழியில் வருகிறான். கோப்பின் பெயர் திருமண அழைப்பிதழ் என்று இருக்கும், கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது பத்திரிகை இல்லை, உங்கள் போனுக்குள் குடிவரப் பார்க்கும் ஒரு செயலி. உள்ளே விட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் படித்துக் கணக்கைத் துடைத்துவிடும். போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும் இதே சரக்கு வருகிறது. வெற்றிலை பாக்கு இல்லாத பத்திரிகையைத் தொடாதே என்று பாட்டி சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்கக்கூடியதில் தப்பில்லை.

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான். போனில் நமக்கு உண்மையில் உதவுகிற உத்திகளில் முக்கால்வாசி, வாங்கும்போதே உள்ளே இருப்பவை. டார்ச், மைக், கேமரா, அலாரம் எதையும் இறக்க வேண்டாம், யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம். புதிதாக ஒரு செயலியை இறக்கும் முன், இந்த வேலையைப் போனே செய்யுமா என்று வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அலுத்துக்கொண்டாவது சொல்லும்.

கடைசியாக மூன்று காரியம். உங்கள் போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். அதைப் போனில் சேமிக்காதீர்கள், போன் போனால் அதுவும் போய்விடும். ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால் எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாதபடி முடக்கலாம். இரண்டாவது, உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்க யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. போடச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். மூன்றாவது, அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.